நன்றி சொன்ன சங்கரேஸ்வரி

"சங்கரேஸ்வரி வீடு எங்க இருக்கு?" என்று கேட்டார் நயினார்.

மாரிக்கண்ணனின் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன.

"எந்த சங்கரேஸ்வரி, அண்ணாச்சி?"

"என்னலே, தெரியாத மாதிரி கேக்க? முத்தாரம்மன் சால்ல குழாய்ல தண்ணி வந்துட்டுன்னு நம்ம வெப்சைட்ல நன்றி எழுதினாளே, அவதான். கட்சி ஆபீஸ்ல இருந்து நாளைக்கு நேர்ல பாக்க வாராவ."

நயினார், எம்.எல்.ஏ.வின் செயலாளர். எம்.எல்.ஏ.வின் வெப்சைட்டில் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது மாரிக்கண்ணனின் வேலை. வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. நவி மும்பை ஐரோலியில் இருந்த கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்தவன் அவன். இதுவும் போனால் மனைவி பானுமதியின் முகத்தில் விழிக்க முடியாது. அவள் ஏற்கெனவே சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் 'எம்.எல்.ஏ. ஆபீஸ்' என்று சொல்லியாகிவிட்டது.

பிரச்சினை 'மக்கள் குரல்' என்ற பகுதியில் தொடங்கியது. அதில் மொத்தமே இரண்டு குரல்கள்தான் ஒலித்தன. ஒன்று, எம்.எல்.ஏ. உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்தது. மற்றொன்று, கூந்தல் தைல விளம்பரம்.

"திங்கக்கிழமைக்குள்ள யாராவது நன்றி சொல்லியிருக்கணும். இல்லைன்னா பக்கத்தை மூடிருவோம். பக்கம் இல்லைன்னா நீ எதுக்கு?" என்று நயினார் கேட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாரிக்கண்ணன் சங்கரேஸ்வரியைப் பெற்றெடுத்தான். பஸ்ஸில் போகும்போது கண்ணில் பட்ட ஒரு போர்டிலிருந்து சாலின் பெயரை, வரிசையாக ஒற்றை அறை வீடுகள் கொண்ட அந்தப் பழைய கட்டடத்தின் பெயரை, எடுத்துக்கொண்டான். வறண்ட குழாய், ஒரே நாளில் நடவடிக்கை, ஆனந்தக் கண்ணீர் எல்லாம் அவன் சொந்தச் சரக்கு. அது கட்சி ஆபீஸ் வரை போகும் என்று அவன் நினைக்கவில்லை.

"அந்தம்மா ஊருக்குப் போறாங்க, அண்ணாச்சி" என்றான் இப்போது.

நயினார் கண்ணைச் சுருக்கினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"எழுதியிருந்தாங்க."

"காட்டு."

"சர்வர் கொஞ்சம் ஸ்லோ. டீ குடிச்சிட்டு வாங்க."

அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள், திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்படுவதாகச் சங்கரேஸ்வரி வெப்சைட்டில் எழுதிவிட்டாள். நயினார் வாசித்தார். பிறகு எம்.எல்.ஏ.வின் பெயரிலேயே பதில் போடச் சொன்னார்: 'சகோதரி, பயணத்தை ஒரு நாள் தள்ளிவையுங்கள். தலைமை உங்களைக் காண விரும்புகிறது.'

அந்தப் பதில்தான் வினையாகிப் போனது. யார் அந்தச் சகோதரி என்று பார்க்க வெப்சைட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். 'எங்க சால்ல எந்தக் குழாய்ல தண்ணி வருது?' என்றார் ஒருவர். 'சங்கரேஸ்வரின்னு இங்க யாருமே இல்லையே' என்றார் இன்னொருவர்.

மாரிக்கண்ணன் அவற்றை அவசரமாக அழித்தான். அழித்த சற்று நேரத்தில் போன் வந்தது. கட்சி ஆபீஸிலிருந்து மாதவ். மராட்டிக்காரர், ஆனால் தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவில் வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார்.

"அங்க ரெண்டு மெசேஜ் இருந்துதாமே. இப்போ காணலையாமே. ஏன்?"

"டெக்னிக்கல் பிராப்ளம், சார்."

"அப்படியா. நாளைக்குச் சாயங்காலம் வரலாம்னு இருந்தேன். காலையிலேயே வந்துடறேன்."

உடனே ஒரு சங்கரேஸ்வரி வேண்டும், கூடவே ஒரு குழாயும். மாரிக்கண்ணன் ஆபீஸை விட்டு இறங்கி முத்தாரம்மன் சாலுக்கு ஓடினான்.

குழாய் இருந்தது. அதன் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது. அவன் அதைப் போனில் படம் எடுத்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"யாருவே நீரு? சர்வே ஆளா?"

"இல்லைம்மா."

"பில்டர் ஆளா?"

"குழாயைப் பார்க்க வந்தேன்."

"குழாயைப் பாக்க வந்தவரு எதுக்கு ரூம் நம்பரை எல்லாம் பாக்குதீரு?"

பழைய கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு ஆரம்பித்த நாளிலிருந்து, அந்தச் சந்துகளில் போனும் கையுமாக நுழைகிற எவனையும் யாரும் நம்புவதில்லை. மாரிக்கண்ணன் குரலைத் தணித்தான்.

"அக்கா, ஒரு சின்ன உதவி. நாளைக்கு ஒருத்தர் வருவார். உங்க பேரு சங்கரேஸ்வரின்னு சொன்னா போதும்."

"அதானே பாத்தேன்" என்றாள் அவள். "என்னை வேற பேரு சொல்ல வச்சு, இந்த ரூம் என்னோடது இல்லைன்னு எழுதப்போறிய."

கதவு சாத்தப்பட்டது. சத்தம் கேட்டு அடுத்த கதவும் சாத்தப்பட்டது. பிறகு வரிசையாக எல்லாக் கதவுகளும்.

ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. வாசலில் உட்கார்ந்து ஜீன்ஸ் பேன்ட்டுகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். பெயர் சீனியம்மாள்.

"என்ன பேரு சொல்லணும்?"

"சங்கரேஸ்வரி."

"என்ன கிடைச்சுது எனக்கு?"

"தண்ணி."

"வெயில் இறங்குமுன்ன வரச் சொல்லும். அந்தப் பக்கம் நிழல் விழுந்துரும், போட்டோ நல்லா வராது" என்றாள் அவள். பிறகு மறுபடி பட்டன் தைக்க ஆரம்பித்தாள்.

காரணம் எதுவும் கேட்கவில்லை. அதுதான் மாரிக்கண்ணனுக்கு உதைத்தது. எதிர்க்கட்சி ஆளாக இருப்பாளோ? நாளைக்கு எல்லார் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைப்பாளோ? ஆனால் வேறு கதவு இல்லை.

மறுநாள் விடிந்ததும் அவன் குழாய்க்குப் பின்பக்கம், சுவருக்கு அந்தப்புறம் ஒரு டிரம்மை உயரத்தில் வைத்து ஓஸ் மாட்டினான். ஒரு டிரம் தண்ணீர். மாதவ் வருவார், குழாயைத் திறப்பார், பார்ப்பார், மூடுவார். போதும்.

மாதவ் வந்தார். கூடவே கேமராவுடன் இசக்கி என்ற இளைஞன். பின்னால் நயினார். மாதவ் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேராகக் குழாயிடம் போய்த் திறந்தார். தண்ணீர் கொட்டியது. கையை நீட்டினார். முகர்ந்தார். மூடவில்லை.

"ஓடட்டும். எவ்வளவு நேரம் வருதுன்னு பார்க்கலாம்."

மாரிக்கண்ணன் சுவருக்கு அந்தப்புறம் இருந்த டிரம்மை மனசுக்குள் அளந்து பார்த்தான்.

அதற்குள் தண்ணீர்ச் சத்தம் சந்துக்குள் போய்விட்டது. நேற்றுச் சாத்திய கதவுகள் எல்லாம் ஒன்றாகத் திறந்தன. பக்கெட், குடம், ஹண்டா என்று ஆளுக்கு ஒன்றுடன் பெண்கள் ஓடி வந்தார்கள்.

"ஏ, தண்ணி வருதுட்டீ."

"நேத்து வந்த ஆளுதான் விட்டிருக்கான். சர்வேக்காரன் இல்லை போல."

"அதுக்குள்ள நம்பிராத. குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லு."

மாதவ் திரும்பினார். "தினமும் வர்ற தண்ணிக்கு ஏன் இப்படி ஓடி வராங்க?"

நயினார் மாரிக்கண்ணனைப் பார்த்தார். மாரிக்கண்ணன் குழாயைப் பார்த்தான். குழாயின் தாரை மெலிந்து, நூலாகிக்கொண்டிருந்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சீனியம்மாள் வந்தாள். வந்த வேகத்தில் குழாயை இறுக மூடினாள்.

"யாரு இதைத் திறந்து போட்டது? எம்.எல்.ஏ. ஐயா ராத்திரி பகலா அலைஞ்சு எங்களுக்கு வாங்கிக் குடுத்த தண்ணி. பாத்துக்கிட்டு நிக்கதுக்கா குடுத்தாவ?"

மாதவ் கையை எடுத்துக்கொண்டார். "நீங்கதான் சங்கரேஸ்வரியா?"

"ஆமாங்கய்யா. கம்ப்யூட்டர்ல எழுதிப்போட்டேன். மறுநாளே தண்ணி." அவள் முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண்ணீர் நிஜமாகவே வந்தது. "எங்க அப்பா இருந்திருந்தாக்கூட இப்படிச் செஞ்சிருக்க மாட்டாவ."

இசக்கி படமாக எடுத்துத் தள்ளினான். மாதவ் அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையில் மாரிக்கண்ணனின் வேலை ஊசலாடியது. பிறகு அவர் தலையை அசைத்துவிட்டு நயினாரிடம் சொன்னார்:

"திருப்தி. மனசு நிறைஞ்சுபோச்சு. ரிப்போர்ட்ல எழுதிடறேன். இந்தப் பையனை விட்டுடாதீங்க."

நயினார் மாரிக்கண்ணனின் முதுகில் தட்டினார். பிறகு அவரும் மாதவும் காரை நோக்கி நடந்தார்கள்.

மாரிக்கண்ணனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. மாதவ் அப்படி உற்றுப் பார்த்தது ஏன்? கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்த இசக்கியிடம் மெதுவாகக் கேட்டான்.

"தம்பி, உங்க சாருக்கு அந்தம்மா மேல ஏதும் சந்தேகமா?"

இசக்கி பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

"சீனியக்கா மேலயா? போன வாரம் செம்பூர்ல ரோடு கிடைச்சதுக்கும், தேவ்நார்ல லைட்டு கிடைச்சதுக்கும் அக்காதான அழுதாவ, சாருக்குத் தெரியாதா என்ன?"