வில்லன் வீட்டுக்குப் போகட்டும்

வில்லன் வீட்டுக்குப் போய்விட்டான்.

துறைமுகத்துக்கு வெடி வைக்க வந்தவன். மிரட்டல் வசனத்தில் பாதிதான் பேசியிருந்தான். அதற்குள் மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து மாமா சாந்தமாகச் சொல்லிவிட்டார்.

"போதும்ப்பா. நேரமாச்சு. வீட்டுக்குப் போய்ப் படு."

மாமாவின் சூப்பர் ஹீரோவுக்கு இருந்த சக்தி அது ஒன்றுதான். அவர் குரல் காதில் விழுந்தவர்கள் அவர் சொன்னதைச் செய்தாக வேண்டும். ஆகவே வில்லன் போனான். ஆட்டம் முடிந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து, ஒவ்வொரு கிரேனாக மாப்பிள்ளை வரைந்த துறைமுகத்தில் ஒரு காய்கூட நகரவில்லை.

"என் ஹீரோ இன்னும் முகமூடியே மாட்டலை," என்றாள் மருந்துக்கடைக்காரி. அவளுடைய ஹீரோ பறப்பவள்.

"நான் ரெண்டு பஸ் மாறி வந்தேன்," என்றான் லிஃப்ட் மெக்கானிக். அவனுடைய ஹீரோ சுவரை உடைப்பவன். "ஒரு சுவரைத் தொடலை."

மாமா மட்டும் முகமலர்ச்சியோடு எழுந்து நாற்காலிகளைச் சுவரோரம் நகர்த்தினார். "நல்ல ஆட்டம், மாப்பிள்ளை."

கட்டிட அலுவலகத்தில் வரைபடம் போடும் மாப்பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை ஆட்டம்தான் உயிர். ஆளுக்கு ஒரு சூப்பர் ஹீரோவாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். ஊராகவும் வில்லனாகவும் சட்டமாகவும் இருப்பது அவன்.

தங்கள் வீட்டில் கூரை வேலை நடந்ததால், மனைவியின் பெற்றோரான மாமாவும் அத்தையும் இங்கே வந்திருந்தார்கள். பேத்தியின் அறையில் அத்தை தங்கிக்கொண்டாள். "எனக்கென்ன, எங்கேயும் இருந்துக்கறேன்," என்றார் மாமா. முதல் வெள்ளிக்கிழமை ஹாலையே சுற்றிச் சுற்றி வந்தவரை மெக்கானிக்தான் உட்காரச் சொன்னான்.

"இது எப்ப முடியும், மாப்பிள்ளை?" என்று ஆர்வமாகக் கேட்டார்.

"வில்லன் அடங்கினா முடிஞ்சது, மாமா."

"அப்ப நான் சொன்னதை எல்லாரும் கேக்கற மாதிரி ஒரு சக்தி குடுங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமா அவனிடம் கேட்டது இரண்டே கேள்விகள்: "சாப்பிட்டீங்களா?", "வேலை எப்படிப் போகுது?" இப்போது சக்தி கேட்கிறார். அவனால் மறுக்க முடியவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை நண்பர்களை வழியனுப்ப அவன் படியிறங்கியபோது மருந்துக்கடைக்காரி நேராகவே சொன்னாள். "அவர் சக்தியைக் குறை. இல்லாட்டி நாங்க எதுக்கு?"

மேலே வந்ததும் மனைவி சொன்னாள். "எங்கப்பாகிட்ட எதையும் பிடுங்கிடாதீங்க. உங்களோட உட்கார்ந்து சிரிக்கிறதை இப்பதான் பார்க்கறேன்."

நண்பர்களும் வேண்டும், மாமாவும் வேண்டும். பிடுங்காமல் குறைப்பது எப்படி என்று மாப்பிள்ளை யோசித்தான். யோசித்ததைச் சரிதானா என்று மறுபடியும் யோசித்தான்.

அடுத்த வாரம் புதுச் சட்டம் வந்தது. ஆணை பலிக்க வேண்டுமானால் இரண்டு பகடையிலும் ஆறு விழ வேண்டும்.

மாமா உருட்டினார். விழவில்லை. "வீட்டுக்குப் போப்பா," என்று மறுபடி உருட்டினார். பொறுமைசாலி. பறப்பவள் பாதி வானத்தில் நிற்க, உடைப்பவன் ஓங்கிய கையோடு நிற்க, மாமா வில்லனிடம் திரும்பத் திரும்ப வீட்டுக்குப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"எனக்கே வீட்டுக்குப் போகணும்போல இருக்கு," என்றான் மெக்கானிக்.

மாப்பிள்ளை சட்டத்தை மாற்றினான். பகடை வேண்டாம். ஆனால் ஓர் ஆட்டத்துக்கு ஓர் ஆணைதான்.

அதற்கடுத்த வாரம் மாமா வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"ஏதோ திட்டம் போடறார்," என்று மெக்கானிக் பயத்தோடு கிசுகிசுத்தான்.

மாமா கண்ணைத் திறந்தார். "இந்த ஊர்ல ரேடியோ ஸ்டேஷன் இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை அதை வரைந்தே வைத்திருந்தான், கோபுரத்தோடு.

"அங்க போய் மைக்கில சொல்றேன். எல்லாரும் விளக்கை அணைச்சிட்டுத் தூங்குங்க."

ஊர் தூங்கியது. வில்லன் தூங்கினான்.

"நாங்களுமா, சார்?" என்றான் மெக்கானிக்.

"எல்லாரும்னுதானே சொன்னேன்."

"நான் வானத்துல இருக்கேன்," என்றாள் மருந்துக்கடைக்காரி.

"மெதுவா எறங்கிட்டுத் தூங்கும்மா."

அவள் பகடையைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்த சத்தம் மாப்பிள்ளைக்கு அந்த வாரம் முழுக்கக் கேட்டது.

அடுத்து, காதே இல்லாத வில்லனைக் கொண்டுவந்தான். இரும்பு ராட்சதன். பாலத்தை மிதித்துக்கொண்டு வந்தான். ஆணைக்கு அங்கே வேலையில்லை.

"இது எதுல ஓடுது?" என்று கேட்டார் மாமா.

"கரன்ட்ல, மாமா."

"மின்நிலையத்துல ஆள் இருப்பாரில்ல? அவரை மெயினை அணைக்கச் சொல்றேன்."

ராட்சதன் நின்றான். ஊரும் நின்றது. ஆஸ்பத்திரி இருண்டது, ரயில்கள் சுரங்கத்தில் மாட்டின, மாடிக் கட்டிடங்களில் ஜனங்கள் லிஃப்டுக்குள் அடைபட்டார்கள். எல்லாரையும் மீட்காமல் ஆட்டத்தை முடிக்க முடியாது. சட்டம் அப்படி. எழுதியவன் மாப்பிள்ளை.

"நாள் பூரா லிஃப்ட்ல மாட்டினவங்களைத் தூக்கி விட்டுட்டு, இங்க வந்தும் அதே வேலையா?" மெக்கானிக்கின் குரல் உடைந்தது.

ஒருவர் பாக்கியில்லாமல் மீட்டார்கள். இத்தனை நீளமான ஆட்டத்தை அவர்கள் ஆடியதே இல்லை. மாமாவின் தலை மெல்லத் தொங்கிப்போனது. தன்னால்தானே என்று வருந்துகிறார் என மாப்பிள்ளை புரிந்துகொண்டான். பாவமாக இருந்தது.

படியில் மருந்துக்கடைக்காரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்தச் சக்தி இருந்தா, அடுத்த வாரம் நாங்க இல்லை."

வேறு வழியில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை மாமாவுக்கு முன்னால் ஒரு புது அட்டையை வைத்தான். தாள் அல்ல, நல்ல தடித்த அட்டை. ஹீரோவின் படத்தை மையில் வரைந்து, மாமாவின் மீசையையும் போட்டிருந்தான்.

"ஆணை இனி வேண்டாம், மாமா. அதைவிடப் பெரிய சக்தி தர்றேன். உங்க ஹீரோவுக்கு இனிமே தூக்கமே வேண்டாம்."

மாமா அட்டையை எடுத்துத் தள்ளிப் பிடித்து வாசித்தார்.

"தூக்கமே வராதா?"

"வரவே வராது. விடிய விடியக் காவல் காக்கலாம். எவ்வளவு நேரம் வேணா ஆடலாம்."

மாமா அட்டையை மெதுவாக மேசைமேல் வைத்தார். எழுந்து பால்கனிக்குப் போய் இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே பறப்பவள் பறந்தாள், உடைப்பவன் உடைத்தான். மாப்பிள்ளைக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தெரிந்த முதுகையே பார்த்தபடி பகடை உருட்டினான்.

"பிடுங்கிட்டீங்க இல்ல?" என்றாள் மனைவி, அவர்கள் போனதும்.

காலையில் மாமா நடக்கப் போயிருந்தார். அத்தை சமையலறையில் காபிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடமே நேராகப் போய் நின்றான்.

"அத்தை, மாமா மனசைப் புண்படுத்திட்டேன்."

"எப்ப?"

"நேத்து. அவர் சக்தியை எடுத்துட்டேன். தப்புத்தான். திருப்பிக் குடுத்துடறேன். நண்பர்கள் கோவிச்சுக்கிட்டுப் போனாலும் பரவாயில்லை. நானும் மாமாவும் மட்டுமாவது ஆடறோம். வெள்ளிக்கிழமை மட்டும் இல்லை, இனிமே தினமும் வச்சுக்கலாம்."

அத்தையின் கையிலிருந்த கோப்பை நழுவித் தொட்டியில் விழுந்தது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் பாவம் வேண்டாம், மாப்பிள்ளை. நீங்கெல்லாம் எழுந்தாத்தானே அவருக்கு அந்த ஹால்ல படுக்கை விரிக்க முடியும்."