மாட்டுங்காவில் ஒரு பூர்வீகம்

போன மாதம் ஜம்பு பார்த்து வைத்திருந்த கட்டடத்தைக் காணோம். அது இருந்த இடத்தில் நீலத் தகர வேலியும் ஒரு கிரேனும்தான் நின்றன.

"எங்கே அங்கிள், உங்க தாத்தா வீடு?" என்று பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள் ஸ்ரீலேகா. ஜம்புவின் மகன் நகுலுக்குப் பார்த்திருக்கும் பெண்.

எல்லாம் ஜம்புவின் வாயால் வந்த வினை. மும்பையில் செம்பூரிலிருந்து முலுண்டுக்குப் பெண் பார்க்கப் போன அன்று, பெண்ணின் அப்பா அனந்த், "நாலு தலைமுறையா எங்களுக்குப் பூர்வீகம் மாட்டுங்கா, தமிழா மொதல்ல குடியேறின பேட்டை. சம்பந்தமும் அப்படி அமையணும்னு ஆசை" என்றார். ஜம்பு சும்மா இருந்திருக்கலாம். "எங்க தாத்தாவும் முப்பத்தெட்டுலயே மாட்டுங்கா வந்தாச்சு" என்று அளந்துவிட்டார். அந்தத் தாத்தா ஆயுசில் ரயிலே ஏறியதில்லை.

உடனே ஸ்ரீலேகா, இரண்டு குடும்பத்துப் பூர்வீக வீடுகளையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் காரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளப்பிவிட்டாள். முதலில் பிள்ளை வீட்டாருடையது, அப்புறம் பெண் வீட்டாருடையது. நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. இன்று பொய் உடைந்தால் கல்யாணமும் உடையும்.

"அடுத்த கல்லி, நகுல்" என்றார் ஜம்பு.

மூன்று சந்து சுற்றியும் இருபது மாடி டவர்கள்தான். பழைய கட்டடம் என்று மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. உருண்டைத் தூண்கள், நெற்றியில் 1936.

"இதோ! இதேதான்!"

எல்லாரும் காரைவிட்டு இறங்கினார்கள். மகளோடு வந்திருந்த அனந்தின் முகம் மாறியது. "இதுவா? நன்னாத் தெரியுமா?"

மனுஷன் நம்பவில்லை என்று நினைத்தார் ஜம்பு. "ரெண்டாவது மாடி, இடது பக்கம் பால்கனி. அங்கேதான் எங்கப்பா பொறந்தார்" என்று சேர்த்துக்கொண்டார்.

அனந்த் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி, பாத்தாச்சே. கெளம்பலாம். பசிக்கறது."

"உங்கப்பா ஒத்தப்பாலத்துலன்னா பொறந்தார்?" என்று ஜம்புவின் மனைவி ருக்கு அவர் காதைக் கடித்தாள். "போறும், வாயை மூடிண்டு வாங்கோ."

"அவர் சந்தேகப்படறார் ருக்கு. இப்படியே விட்டா நகுல் கதி என்ன?" என்று கிசுகிசுத்துவிட்டு, ஜம்பு குரலை உயர்த்தினார். "மேலயே போய்ப் பாத்துடலாம் சார்!"

இந்த மாதிரிக் கட்டடங்களில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கும். பூட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுத் திரும்பிவிடலாம் என்பது அவர் கணக்கு.

"எனக்கு முட்டி வலி" என்றார் அனந்த்.

"நான் பிடிச்சுக்கறேன்."

"அடுத்தவா ஆத்துக் கதவைத் தட்டறது மரியாதையா சார்?"

"எங்க தாத்தா வீடு சார்!"

"சலோ அப்பா!" என்று குதித்தாள் ஸ்ரீலேகா. "அப்புறம் நேரா நம்ம வீடு. எனக்கே நீங்க காட்டினதில்ல!"

காரை நிறுத்த இடம் தேடி நகுல் போனான். மற்றவர்கள் மாடியேறினார்கள். அனந்தை ஜம்பு ஏறக்குறைய இழுத்துக்கொண்டுதான் போனார்.

பூட்டு இல்லை. உள்ளேயிருந்து ரசம் மணத்தது. திரும்பலாம் என்று ஜம்பு சொல்ல வாயெடுப்பதற்குள் ஸ்ரீலேகா மணியை அழுத்திவிட்டாள்.

கையில் கரண்டியோடு ஒரு மாமி கதவைத் திறந்தாள்.

"நமஸ்காரம் மாமி" என்று ஜம்பு தொண்டையைக் கனைத்தார். "தப்பா நெனச்சுக்காதீங்கோ. எங்க தாத்தா இந்த வீட்லதான்..."

மாமி அவரைக் கவனிக்கவே இல்லை. அவருக்குப் பின்னால், படியிறங்கப் பார்த்த அனந்தைத்தான் பார்த்தாள்.

"அடடே, முலுண்ட் மாமாவா! போன வருஷம் மூத்த பொண்ணு சம்பந்தியைக் கூட்டிண்டு வந்து, இதுதான் எங்க தாத்தா வீடுன்னு காட்டினேளே! இன்னிக்கு யாரோட தாத்தா?"