ஸ்டீரியோ மாஸ்டர் வாங்கிய ஹெட்போன்

எண்பதுகளில் தென்னாற்காடு ஜில்லாவில் ஹெட்போன் வாங்கியவர் எவரும் கடைக்காரரை நம்பி வாங்கவில்லை. ஸ்டீரியோ மாஸ்டரின் காதை நம்பித்தான் வாங்கினார்கள். பெண் பார்க்கப் போனால்கூட நாலு பேரை விசாரிக்கிற ஊர் விழுப்புரம். ஹெட்போன் விஷயத்தில் மட்டும் மாஸ்டர் ஒருமுறை தலையாட்டிவிட்டால் அதற்கு மேல் அப்பீலே கிடையாது.

அவருடைய சொந்தப் பெயர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போர்டில் எழுதியிருந்தது. யாரும் அண்ணாந்து பார்த்ததில்லை. வீடு திண்டிவனம், இன்ஸ்டிடியூட் விழுப்புரம். தினமும் பாசஞ்சரில் வந்து பஸ்ஸில் திரும்புவார். பதினாறு மெஷின்கள் ஒரே நேரத்தில் அடிபடும். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படிப்பார். திடீரென்று குரல் வரும்.

“ஆறாவது மெஷின்! சுண்டு விரலைத் தூக்கி வெச்சிக்கினு நாலு விரல்ல அடிக்கிற. கேக்குது எனக்கு!”

ஆறாவது மெஷினில் இருந்தவன் நான்தான். கூட்டுறவு ஆபீஸில் கிளார்க். டைப்பிங் லோயர் பரீட்சை பாஸ் செய்தால் இன்க்ரிமென்ட் என்றார்கள். டைப்பிங் எனக்கு வரவில்லை. ஆர்மோனியம் கொஞ்சம் வரும். அது தெரிந்த நாளிலிருந்து மாஸ்டர் என் டைப்பிங்கை மன்னித்துவிட்டார்.

பட்டப்பெயர் வந்த கதை இது. சொந்தக்காரர் ஒருவர் மூலமாக ஒரு ஸ்டீரியோ டேப் டெக் வாங்கினார். வாங்கியவர் சும்மா இருந்தாரா? டீக்கடை, சலூன், பஸ் ஸ்டாண்டு என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் பிரசங்கம் செய்தார். “மோனோல பாட்டு கேக்குறதும் ஒரு கண்ணை மூடிக்கினு சினிமா பாக்குறதும் ஒண்ணுப்பா” என்பார். ஒரு மாதத்தில் ஊர் அவருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டது.

அவருக்கு ஒரே பெண், மலர். பிளஸ் டூ முடித்துவிட்டு இன்ஸ்டிடியூட்டில் அப்பாவுக்கு ஒத்தாசையாக இருந்தாள். நன்றாகப் பாடுவாள். ஒரு நாள் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கேசட் கடை பாய் அவள் பாடியதைக் கேட்டுவிட்டு மாஸ்டரிடம் சொன்னார்: “மாஸ்டரே, பாப்பா குரலு சோக்கா இருக்குது. ஆடிக்குள்ள ஒரு அம்மன் கேசட்டு ஜல்தியா ரெடி பண்ணிக் குடுங்க. திருவக்கரை கோயிலுக்கு வர்ற ஜனத்துக்கு நானே காப்பி போட்டு விக்கிறேன். ஆனா சவுண்டு க்ளியரா இருக்கணும். இல்லாங்காட்டி நான் தொட மாட்டேன்.”

மாஸ்டருக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. மலரின் பெயர் போட்ட ஒரு கேசட். அது வந்தே தீர வேண்டும். அதற்கு முதல் தேவை ஹெட்போன் என்றார்.

ஏன் என்று கேட்டேன். விளக்கினார். என் ஆர்மோனியத்தை முதலில் பழைய டேப்ரிக்கார்டரில் தனியாகப் பதிவது. பிறகு அதை ஓடவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே மலர் பாடுவது. புது டெக்கில் ஒயர் வழியாக ஆர்மோனியம் இடது பக்கம் ஏறும். மைக் வழியாக மலர் வலது பக்கம் ஏறுவாள். ஆர்மோனியத்தை அவள் ஸ்பீக்கரில் கேட்டால் மைக் அதையும் சேர்த்துப் பிடித்துவிடும். அதனால் காதை இறுக்கி மூடுகிற ஹெட்போன் வேண்டும்.

“ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து பாடினா என்ன மாஸ்டர்?”

“உன் ஆர்மோனியப் பொட்டி மூச்சு வாங்குற சத்தம் எவன் கேக்குறது?”



ஹெட்போன் தேர்வுக்காக ஒரு கேசட்டே தயார் செய்தார். முதலில் மல்லாட்டை (எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு அதுதான் பேர்) உடைக்கிற மெஷின். அடுத்து எங்கள் பதினாறு டைப்ரைட்டர்கள். அடுத்து திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு. கடைசியில் மலரின் பாட்டு. “எங்கியோ இருக்கிற பாட்டுக்காரன் நேர்ல எப்டிப் பாடுவான்னு நமக்கு என்னா தெரியும்? மல்லாட்டை மெஷின் தெரியும். அது மல்லாட்டை மெஷின் மாரியே கேட்டா அந்த ஹெட்போன் யோக்கியன்” என்றார். இன்றுவரை இதைவிட நல்ல யோசனையை எந்த நிபுணரும் எனக்குச் சொன்னதில்லை.

விழுப்புரம் கடையில் இருந்தது மலிவு ரகம், காதின் மேல் ஆரஞ்சு ஸ்பாஞ்சோடு உட்காருவது. மாட்டிய உடனே கழற்றினார். நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். மல்லாட்டை மெஷின் எனக்கே கேட்டது.

பொம்மையார்பாளையத்தில் கடற்கரை விடுதியில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்புகிறார், சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டு இருவரும் பஸ் ஏறினோம். மாஸ்டருக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் டைப்பிங் பரீட்சைக்கு வருகிற கடித இங்கிலீஷ். வெள்ளைக்காரர் வாசலுக்கு வந்தார். மாஸ்டர் விறைப்பாக நின்று, “டியர் சார், வித் ரெஃபரன்ஸ் டு யுவர் ஹெட்போன், வீ ஷல் பீ மச் ஆப்ளைஜ்ட்” என்றார். அந்த மனுஷன் பயந்துபோய்க் கையிலிருந்ததைக் கொடுத்துவிட்டார். பெரிய ஹெட்போன்தான். ஆனால் மூடாத ரகம், வெளிப்புறம் முழுக்கத் துளை. ஐந்து நிமிடம் கேட்டார் மாஸ்டர். “கடலே உள்ள வருதுப்பா” என்று திருப்பிக் கொடுத்தார். கிளம்பும்போது மறக்காமல் “யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி” சொன்னார்.

அப்படியே பாண்டிச்சேரிக்குப் போனோம். வெளிநாட்டுச் சாமான் விற்கிற ஒரு கடையில், கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள் ஒன்றை. விலையைக் கேட்டு எனக்கு வியர்த்தது. மாஸ்டர் அசராமல் வாங்கி மாட்டிக்கொண்டார். முகம் மலர்ந்தது, பிறகு சுருங்கியது.

“இது மேக்கப் போடுதுப்பா. பஸ் ஸ்டாண்டு சத்தம்கூட இனிப்பா இருக்குது. என் பொண்ணு பெரிய பாடகி மாரி பாடுறா. பாட்டு கேக்கறவனுக்கு இது சொர்க்கம். ரிக்கார்ட் பண்றவனுக்கு இது எமன். தப்பே தெரியாது.”

கடைக்காரர் எரிச்சலோடு மூலையிலிருந்து கிழிந்த அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துப் போட்டார். நடுத்தர விலை. கறுப்பு. பளபளப்பு இல்லை, கொஞ்சம் கனம். காதை முழுசாக மூடியது. மாஸ்டர் இருபது நிமிடம் வியர்க்க வியர்க்க மாட்டிக்கொண்டு நின்றார். நான் எதிரில் நின்று கத்திப் பார்த்தேன். அவருக்குக் கேட்கவில்லை, உள்ளே ஓடிய மெஷின் எனக்கும் கேட்கவில்லை. கடைசியில், எந்த ஹெட்போனுக்கும் செய்கிற அந்தப் பிரசித்தி பெற்ற காரியத்தைச் செய்தார். கழற்றி, இடது வலது மாற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து கேட்டார்.

“இதுல என் பொண்ணு என் பொண்ணு மாரியே பாடுறா. கட்டுங்க” என்றார்.

இந்தத் திருப்பிப் போடுகிற வித்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாஸ்டர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று அவர் சொன்னதில்லை. கேட்கவும் எங்களுக்குத் தைரியமில்லை. ஆனால் ஊரே செய்தது. காலேஜ் பையன்கள் வாக்மேன் வாங்கினால் திருப்பிப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். திருப்பிப் போடச் சம்மதிக்காத கடைக்காரரை அயோக்கியன் என்றார்கள். என் ஆபீஸில் இரண்டு காதுக்கும் ரத்த ஓட்டம் வேறு வேறு, அதனால்தான் என்று நானே ஒரு தத்துவம் கண்டுபிடித்துப் பரப்பிவிட்டேன். சூப்பரின்டெண்ட் அதை நம்பித் தன் டெலிபோன் ரிசீவரைக் காது மாற்றிப் பிடிக்க ஆரம்பித்தார்.

ரிக்கார்டிங் திண்டிவனம் வீட்டில், மூன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மின்விசிறி நிறுத்தப்பட்டது. ஜன்னல்களில் போர்வை. பக்கத்து வீட்டுக் கோழியைக் கூடைக்குள் கவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சினோம், அது கூடைக்குள்ளிருந்து இன்னும் சத்தமாகக் கூவியது. மாஸ்டர் வீட்டம்மா, “என்னா பேஜாருடா இது, கேசட்டு வர்றதுக்குள்ள நாம வெந்து பூடுவோம்” என்று சொல்லிக்கொண்டே மோர் கொண்டுவந்து வைத்தார்.

சத்த அளவு வைக்கும்போது ஹெட்போன் மாஸ்டர் தலையில். நேராகப் போட்டுக் கேட்பார், “மலரு பிரமாதம்.” திருப்பிப் போட்டுக் கேட்பார், “பொட்டி பிரமாதம்.” குமிழ்களில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, பாடுவதற்காக ஹெட்போனை மலரிடம் தருவார். பதிந்து முடித்ததும் மறுபடி அவரே வாங்கிக் கேட்பார். “நானும் ஒரு தடவ கேக்குறேன் மாஸ்டர்” என்றால், “ஸ்பாஞ்சு கெட்டுடும்பா” என்று மறுத்துவிடுவார். மலர் ஏதோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்துவிட்டு, பேசாமல் இருந்தாள். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மாஸ்டர், மலர், நான் மூவரும் பாய் கடைக்குப் போனோம். செய்தி தெரிந்து இன்ஸ்டிடியூட் பையன்கள் ஐந்தாறு பேர் கூடியிருந்தார்கள். பாய் கேசட்டைப் போட்டார். கடையின் இரண்டு ஓரத்திலும் ஆளுயர ஸ்பீக்கர்கள்.

இடது ஸ்பீக்கரில் என் ஆர்மோனியம் அலறியது. வலது ஸ்பீக்கரில் மலர், யாரோ அடுத்த தெருவில் பாடுகிற மாதிரி. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால் ஒரு குறையும் இல்லை. சேர்ந்து ஓடும்போது பொட்டி அவளை மூடிவிட்டது. சேர்த்து ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை என்பது எனக்கு அங்கே நின்றபோதுதான் விளங்கியது. ஏன் என்று மட்டும் விளங்கவில்லை.

“இன்னா மாஸ்டரே, பாப்பா எங்க?” என்றார் பாய்.

மலர் சட்டென்று முன்னால் வந்தாள். “எம் மேலதான் தப்பு பாய். தொண்டை கட்டிக்கினு இருந்துச்சு. மெதுவா பாடிட்டேன்.”

பாய் நல்ல மனுஷன். வருத்தத்தோடுதான் சொன்னார்: “அப்டின்னா இந்த ஆடிக்கு வேணாம் மாஸ்டரே. பாப்பா குரலுக்கு இன்னும் பலம் பத்தல. ரெண்டு வருஷம் போகட்டும்.”

கேசட்டை எடுத்து மாஸ்டரிடம் நீட்டினார். மாஸ்டர் வாங்கவில்லை. பையன்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பெண்ணைப் பார்த்தார்.

“அவ குரல்ல கொற இல்ல பாய். அவ நல்லாத்தான் பாடினா. எனக்கு எடது காது கேக்காது. ஆறு வயசுல சீழ் புடிச்சு அதோட அவுட்டு. ஒவ்வொரு பக்கமா ஒத்தக் காதுல கேட்டுத்தான் வெச்சேன். ரெண்டும் சேந்தா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியாது. அதுலேருந்து எனக்குத் தெரிஞ்ச பாட்டு அவ்ளோதான். அவள ஒண்ணும் சொல்லாதீங்க.”

பையன்களில் ஒருவன், அடக்க முடியாமல், “அப்போ மாஸ்டர்... அந்தத் திருப்பிப் போடுறது?” என்றான்.

“அது ஒத்தக் காதுக்காரன் பொழப்புடா! உங்கள யாரு போடச் சொன்னா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் சூப்பரின்டெண்ட் ஞாபகம் வந்தது.

பாய் கேசட்டைக் கீழே வைத்துவிட்டு டீ சொல்லி அனுப்பினார். டீ வந்ததும், “அடுத்த சனிக்கெழம வரைக்கும் டைம் இருக்குது மாஸ்டரே” என்றார். அவ்வளவுதான் பேசினார். எனக்கு அந்த பாய் மேல் இருக்கிற மரியாதை அன்றைக்கு வந்தது.

திண்டிவனம் பஸ்ஸில் நானும் அவர்களோடு ஏறினேன். மலர் அழுதாள். “ஏம்பா எல்லார் முன்னாடியும் சொன்னே?”

“நீ பொய் சொன்னே. அப்பொறம் நான் என்னா பண்றது? அழாத, ஜனங்க பாக்குது” என்றார் மாஸ்டர். அவர் கண்ணும் சரியாக இல்லை.

மறுநாள் ஞாயிறு. கோழிக்குக் கூடை, ஜன்னலுக்குப் போர்வை. மாஸ்டர் ஹெட்போனை எடுத்து, ஸ்பாஞ்சைத் துடைத்து, என்னிடம் நீட்டினார். “இந்தாப்பா. நீ சொல்லு, நான் குமிழத் திருவுறேன்.” மாட்டிக்கொண்டேன். காதுக்குள் நானே அலறினேன். “பொட்டிய எறக்குங்க மாஸ்டர்” என்றேன். இறக்கினார். “இன்னும்.” இறக்கினார். தன் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சிய ஆர்மோனியக்காரன் தென்னாற்காடு ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மலரின் குரல் மேலே வந்து நின்றது. அப்போதுதான் அவள் எவ்வளவு நன்றாகப் பாடுகிறாள் என்று எனக்கே தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை பாய் இரண்டு பாட்டு கேட்டார். மூன்றாவதைப் போடாமல், “லேபிள்ல பாப்பா பேரு எப்டி எழுதணும்?” என்றார்.

ஆடி வெள்ளி காலையில் திருவக்கரையில் நல்ல கூட்டம். கோயிலுக்கு வெளியே மரத்தில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கரில் மலரின் பாட்டு போட்டிருந்தார்கள். கூம்பு ஸ்பீக்கருக்கு ஏது இடது வலது? எல்லாம் ஒரே வாய் வழியாக வரும். ஊர் முழுக்க ஸ்டீரியோ பிரசங்கம் செய்த மனுஷன் அந்த மரத்தடியில், தலையைச் சாய்த்தபடி, முதல் பக்கம் முடிகிற வரை நகரவில்லை. வெயில் ஏறிவிட்டது. மலரும் அவள் அம்மாவும் தரிசனத்துக்குப் போயிருந்தார்கள். கேசட்டைத் திருப்பிப் போட அங்கிருந்தவர் நிறுத்தியபோது மாஸ்டர் என்னைக் கேட்டார்.

“எனக்கு நல்லாத்தான் கேக்குது. இருந்தாலும் பெத்தவன் காது. நீ சொல்லுப்பா, நெசமாவே நல்லா இருக்குதா?”

“ரொம்ப நல்லா இருக்குது மாஸ்டர்” என்றேன்.

அவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இடது பக்கமாக நின்று சொல்லியிருந்தேன். அவரைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய் இன்னொரு முறை சொன்னேன்.