முருகன் டின்னும் என் ஊசி டின்னும்

மடுல்சீமை,
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள மச்சான் ஜீவனுக்கு அழகர் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்கா ஜீவராணியும் என் சீனி வியாதியும் சுகம். அங்கு எல்லோரும் சுகமாயிருக்க வேண்டுகிறோம்.

மச்சான், கதிர்காமத்துக்கென்று எங்கள் வீட்டிலிருந்து எடுத்துப்போன நேர்த்தி டின்னுக்குள் கையை விட்டுவிடாதீர்கள்! அதில் இருப்பது காசு அல்ல, எனக்குக் குத்திய இன்சுலின் ஊசிகள். நீங்களோ விரதம் என்று போனை அணைத்துவிட்டீர்கள். அதனால் அந்தப் பக்கம் சாமான் லொறி ஓட்டும் ஸனூஸ் நானாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வருஷம் சாக்கடைக் கான் துப்புரவு செய்த வேலாயி காலில் யாரோ வீசிய ஊசி ஏறி, பாவம், மாசக்கணக்கில் இரத்தம் சோதிக்க அலைந்தாள். "குப்பையில போடாதீங்க, கெட்டி டின்ல சேர்த்து மூடி, கிளினிக்குக்குக் கொண்டாங்க" என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சொன்னார். நானும் பால்மா டின் மூடியில் ஓட்டை போட்டு, பேரப்பிள்ளைகள் தொடாமலிருக்க மஞ்சள் துணி சுற்றி, சாமித்தட்டில், நேர்த்திக்காசு சேர்க்கும் அதே மாதிரி மஞ்சள் துணி சுற்றிய முருகன் டின்னுக்குப் பக்கத்திலேயே வைத்து, என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். நேற்றுப் பார்த்தால் ஒரு டின்தான் இருக்கிறது. ஆட்டினேன், கலகல என்றது. அப்படியானால் இது காசு, ஊசி உங்களிடம்! திறந்து பார்க்கவும் முடியாது, சாமிக்கு முடிந்ததைச் சந்நிதியில்தானே திறக்க வேண்டும். நீங்களோ அங்கே உண்டியலில் இரண்டு கையாலும் அள்ளிப் போடுகிற ஆள். நெஞ்சு பதறுகிறது மச்சான்.

அந்தக் காலத்தில் இந்தத் தொல்லை உண்டா? டிஸ்பென்சரி ஐயா கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து லயத்து வீடுகள் முழுவதுக்கும் அதையே குத்துவார். நாம் தேயிலைக்குள் ஒளிந்தால், "இந்தா இருக்கானுங்கய்யா!" என்று உங்கள் அக்காதான் காட்டிக்கொடுப்பாள். இப்போது அவளே தினமும் என் வயிற்றில் குத்துகிறாள். ஒளிய இடமுமில்லை, கூட ஒளிய நீங்களுமில்லை. ஸ்பிரிட் வாசனை வந்தாலே உங்கள் ஞாபகம்தான்.

முருகன் உங்கள் பத்து விரலையும் காக்கட்டும். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மச்சான் அழகர்

பி.கு.: கவரை ஒட்டும்போது உங்கள் அக்கா வந்தாள். "ஏங்க, ஓட்டையில டோர்ச் அடிச்சுப் பார்த்தா என்னாவாம்?" என்று கேட்டு அவளே பார்த்தாள். உள்ளே ஊசிதான். நீங்கள் சரியான டின்னைத்தான் கொண்டுபோயிருக்கிறீர்கள். "சீனி மூளைக்கு ஏறிருச்சு, காயிதத்தக் கிழிச்சுப் போடுங்க" என்கிறாள். எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு எழுதி எத்தனை வருஷமாயிற்று! பயமில்லாமல் அள்ளிப் போடுங்கள். திரும்பும்போது இங்கே வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க மச்சான், கடிதம் எழுத எனக்கு இனி வேறு சாக்குக் கிடைக்காது.