பென்குவின் மறைத்த மருமகன்

சிதம்பரம்,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு, மூத்த மருமகன் பழனிவேல் வணக்கத்துடன் எழுதுவது. நானும் கயல்விழியும் நலம். தாங்கள் நலம் என்பதைத் திட்டக்குடி பேருந்து நிலையத்தில் தாங்கள் வைத்திருக்கும் பேனரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். போனில் சின்ன மாப்பிள்ளை பேச்சைத் தவிர வேறெதற்கும் இடமில்லாததால் இந்தக் கடிதம்.

"தென்துருவம் செல்லும் எங்கள் வீட்டு மாப்பிள்ளை" என்ற வாசகம் நன்று. சகலை ராஜ்கமல் கோட்டு போட்டு நிற்கிறார். குடும்பத்தார் வரிசையில் என் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு பென்குவின் நிற்கிறது. எனக்கு வருத்தமில்லை. ஆனால் தென்துருவப் பக்கம் அவர் ஆராய்ச்சிக்குப் போகும் வறண்ட பள்ளத்தாக்கில் பென்குவின் கிடையாது என்பதை நுண்ணுயிரியல் ஆசிரியன் என்ற முறையில் சொல்லிவைக்கிறேன். அங்கே மழை இல்லை, பனிகூடத் தங்காது, வெறும் மண். அந்த மண்ணில் உறங்கும் கிருமிகளைக் கரண்டியால் அள்ளி வருவதுதான் வேலை. அதற்கு நானும் விண்ணப்பித்தேன். அவருக்கு இடம் கிடைத்தது, எனக்குக் காத்திருப்போர் பட்டியல் கிடைத்தது.

குளிர் பழகுவதற்காகக் கடலூர் துறைமுகத்தில் மீன் வைக்கும் ஐஸ் அறையில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வந்தார். "எப்பிடிண்ணே இருக்கேன்?" என்றார். வஞ்சிரம் போல் மணத்தார். "ஜோரா இருக்கீங்க" என்றேன்.

சென்ற ஞாயிறு அவர் வீட்டில் நடந்ததை அத்தை தங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். மண் அள்ளும் குப்பிகள் நூறு, கிருமி நீக்கி, முத்திரையிட்டு வந்திருந்தன. புது டிராக்டருக்குச் செய்தது போலவே அத்தை ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, மூடியைத் திறந்து உள்ளே ஒரு சிட்டிகை திருநீறும் போட்டார். "தொறக்காம பூச பண்ணா சாமி எப்பிடி உள்ள போவும்?" என்று என்னையே கேட்டார். குப்பிகள் பாழாவது எனக்குத் தெரியும். இருந்தாலும் பெரியவர்கள் பக்தியில் குறுக்கிடக் கூடாதென்று, கடைசி இருபது மூடிகளை நானே திறந்து கொடுத்தேன். ராஜ்கமல் வந்து பார்த்தார். கத்துவார் என்று ஆவலோடு காத்திருந்தேன். "பரவால்ல அத்த, வேற வாங்கிக்கலாம். காப்பி குடிச்சீங்களா?" என்றார். இப்படிப்பட்ட மனிதரோடு எப்படி மாமா உறவு வைத்துக்கொள்வது?

அங்கே ஆபத்து ஜாஸ்தி மாமா. காத்து ஆளையே தூக்கும். ரெண்டு மாசம் குளியல் கெடையாது. நம்ம கிருமி அந்த மண்ணுல கலந்துடக் கூடாதுன்னு ஒண்ணுக்குக்கூட பாட்டில்ல புடிச்சி, பத்திரமா திரும்ப எடுத்தாரணும். பேனர்ல இதெல்லாம் போட முடியுமா? ஒங்க சின்ன மக வினோதினி பாவம், அவுர விட்டுட்டு எப்பிடி இருப்பா? போவாதீங்க மாப்ளன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா அவுரு மீற மாட்டாரு.

அத்தைக்கு என் வணக்கம். ராஜ்கமலுக்குக் கொடுத்தது போக மிச்சமிருக்கும் ஆசியை வேண்டும்,
பழனிவேல்.

பி.கு.: சற்றுமுன் ராஜ்கமல் போன் செய்தார். "அண்ணே, டீம்ல ஒருத்தரு மெடிக்கல்ல ஃபெயிலு. அடுத்த பேரு ஒங்குளுதுதான். ரெண்டு பேரும் ஒண்ணா போறோம்!" என்றார். ஆகவே மேலே கண்ட ஆபத்துகளைத் தள்ளுபடி செய்யவும். அது மிகவும் நல்ல இடம். ஆனால் கவரில் போடும் முன் கயல்விழி முழுவதையும் படித்துவிட்டாள். "பாட்டில்ல புடிச்சி எடுத்தார வேலைக்கு நீங்க ஒண்ணும் போவ வேணாம்" என்று என் சர்டிபிகேட்டுகளை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, "மாப்ள பொறாமையில புளுவியிருக்காரு" என்று அவளிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். பேனரை எடுக்க வேண்டாம். பென்குவினை மட்டும் சற்றுத் தள்ளி வைக்கவும்.