ஒளிபரப்பாகாத படத்துக்கு ஐந்து டிக்

அலுப்பில் நான் செய்த காரியம் எதுவும் உருப்பட்டதில்லை. ஒருமுறை அது ஒரு பெண்ணின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

அப்போது ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். வீட்டுக்காரர், மாமியார், இரண்டு பிள்ளைகள், நான். பட்டாபிராமிலிருந்து மல்லிகா என்று ஒரு பெண் வந்து ஒரு நோட்டைக் கொடுத்தாள். டி.வி.யில் அந்த வாரம் வரும் நிகழ்ச்சியெல்லாம் அச்சடித்து, பக்கத்தில் ஆளுக்கொரு கட்டம்.

"யார் யார் எத்த பாக்குறீங்கன்னு தெனம் டிக் போடுக்கா. அடுத்த திங்கக்கெழம வந்து வாங்கிக்கினு போறேன்."

"இருக்கிறதே ஒரு சேனல். அதுக்கு எதுக்கும்மா கணக்கு?"

"விளம்பரம் குடுக்கிறவங்களுக்குத் தெரியணுமாம்க்கா."

"எங்க வீட்டுக்காரர் நியூஸ் ஓடும்போது தூங்கிடுவாரே?"

"கண்ண மூடிக்கினா டிக் வேணாக்கா."

ஐந்தாம் கிளாஸ் மட்டுமே படித்த என்னை நம்பி இவ்வளவு பெரிய பொறுப்பு! (பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால் கட்டமெல்லாம் எனக்குக் கொசுவலையாகத் தெரியும்.) இந்த வீட்டில் யார் எதைப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? வருஷக்கணக்கில் மாறாத மனுஷர்கள். திங்கட்கிழமை மத்தியானமே ஏழு நாளைக்கும் டிக் போட்டு முடித்தேன். வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டுக்கு ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமை படத்துக்கும் ஐந்து பேர். பேனாவில், அழுத்தமாக.

செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய தலைவர் காலமானார். அந்த வாரம் பூரா பாட்டு இல்லை, படம் இல்லை. சோக வாத்தியம் மட்டும்தான்.

மல்லிகா திரும்பி வந்தபோதாவது சொல்லியிருக்கலாம். கூச்சம். நோட்டை அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நாலாம் நாள் அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள். கூடவே அவள் சூப்பர்வைசர்.

"போடாத படத்தை அஞ்சு பேர் பார்த்திருக்கீங்க! இவ உங்க வீட்டுக்கே வராம, அவளே டிக் போட்டுக் குடுத்திருக்கா. ஆமான்னு சொல்லுங்கம்மா, இன்னியோட இவளை நிறுத்திடறேன்."

வெளி ஆம்பளைகளிடம் கதவுக்குப் பின்னால் நின்றே பேசிப் பழகியவள் நான். அக்கம்பக்கத்தார் எல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள். வேறு வழியில்லை, வெளியே வந்தேன்.

"நான்தாங்க போட்டேன். திங்கக்கிழமையே."

உள்ளிருந்து மாமியார் எனக்குப் பரிந்து வந்தார்: "தலைவர் சாகப்போறாருன்னு அவளுக்கு யாராவது முன்னாடியே சொன்னாங்களாய்யா?"

சூப்பர்வைசர் நம்பவில்லை. பேனாவைக் கொடுத்தார். "ஒரு டிக் போட்டுக் காட்டுங்க."

போட்டேன். என் டிக் தலைகீழாக, கூரை மாதிரி இருக்கும். (பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் டிக் போட்டதில்லை. பார்த்துப் பழக்கமில்லை.) நோட்டு முழுக்க அதே கூரைகள். மல்லிகா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

"சரி, நிஜமா என்னதான் பார்த்தீங்க?" என்றார் அவர், களைத்துப்போய்.

"சோக வாத்தியம். அஞ்சு பேரும். நடுவுல பாட்டு எதுனா போட்டா விட்டுடுவோமேன்னு வீட்டுக்காரர்கூடத் தூங்கலைங்க."

மல்லிகாவின் வேலை தப்பித்தது. என் மானம்தான் போனது. இப்போது சுகருக்குப் பார்க்கிற டாக்டர், "மாத்திரை தினம் போடுறீங்களா?" என்று கேட்டால் போதும். "ஒரு வாரத்துக்கும் சேத்து திங்கக்கெழமையே போட்டுடுவாங்க டாக்டர்" என்கிறான் பெரியவன். அவர் அரண்டுபோய் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்கிறார். முழுக் கதையையும் சொல்ல எனக்கு ஏது தெம்பு? கையை நீட்டிவிடுகிறேன்.