தெய்வத்துக்குப் பில் கிடையாது

நன்றிக்காரர் என்றொரு இனம் நம்மிடையே உண்டு. கண்டியில் இவர்கள் இல்லாத தெரு இல்லை. அம்பிட்டியப் பக்கம் கொஞ்சம் அதிகம். கையில் மடித்த பொன்னாடை, சட்டைப்பையில் நன்றியுரை, வாயில் 'தெய்வம்' என்ற சொல், இவை அடையாளம். யாராவது ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுக் கூலி கேட்க வாயெடுப்பதற்குள் ஓடிப்போய் அவரைத் தெய்வமாக்கிவிடுவார்கள். மனிதராக விட்டுவைத்தால் சம்பளம் கொடுக்க வேண்டுமே.

எங்கள் ஊர் நன்றிக்காரர் அழகர் ஐயா. அரச அலுவலகமொன்றில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர், நலன்புரிச் சங்கத்தின் தலைவர். கஞ்சன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குழாய் திருத்த வருபவருக்கு முற்பணம் கொடுப்பார். தன்னுடைய பிரஷருக்கு நகரத்துப் பெரிய டொக்டரிடம் நம்பர் பதிந்து சனல் பண்ணி, மூன்று மணி நேரம் கதிரையில் காத்திருந்து, மூன்று நிமிடப் பேச்சுக்கு மூவாயிரம் கட்டி, அந்த ரசீதையும் நான்கு பேருக்குக் காட்டுவார். அது தொழில். ஆனால் ஹேவாஹெட்ட வீதியில் சின்னதாகக் கிளினிக் வைத்திருக்கும் டொக்டர் ஸுமைரா, காப்புறுதியும் இல்லாத, கையில் காசும் இல்லாத ஒருவரின் உயிரைப் பிடித்து நிறுத்தினால், அது சேவை. சேவைக்குக் கட்டணமா? என்ன பேச்சு இது?

தேயிலை மலையில் குளவிக்கூடு கலைந்தால், கொட்டு வாங்கியவர்களை ஏற்றிக்கொண்டு வரும் லொறி முதலில் நிற்பது இந்த டொக்டரின் வாசலில்தான். பெரிய ஆஸ்பத்திரிவரை எல்லோருடைய மூச்சும் தாங்காது. கொழுந்து பறிக்கும் வேலாயி அப்படி வந்தவள். அவள் கண்விழித்தபோது மேலே ஜரிகை போட்ட பொன்னாடை கிடந்தது. தான் செத்துவிட்டோமா, அல்லது பிரதேச சபைக்குத் தெரிவாகிவிட்டோமா என்று குழம்பிப்போனாள். இரண்டுமில்லை. சங்கம் இதுவரை டொக்டருக்குப் போர்த்திய ஏழு பொன்னாடைகளையும் தாதி நிரோஷா நோயாளர் போர்வையாக்கியிருந்தாள்.

போன மாதம் டொக்டர், அழகர் ஐயாவைக் கூப்பிட்டுப் பேசினார்.

"ஐயா, மூணு மாசத்துல முப்பத்தொரு குளவிக் கேஸ். ஊசி, சேலைன், நிரோஷாட சம்பளம், என்ட பீஸும் சேத்து அறுபதாயிரம் ஏறி நிக்கிது. மாசக் கடைசிக்குள்ள சங்கம் ஒரு வழி செய்யல்லன்டா அவசர ரூமப் பூட்டத்தான் வேணும்."

அழகர் ஐயாவின் கண்கள் கலங்கின. "டொக்டர், உங்க வாயால காசுங்கிற வார்த்தை வரலாமா? நீங்க தெய்வம்."

"தெய்வத்துக்கும் கரண்ட் பில் வருதே ஐயா."

"அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்."

பார்த்துக்கொண்டார்கள். இரண்டு நன்கொடைப் பட்டியல்கள் ஊரைச் சுற்றின. 'டொக்டரின் கட்டணத்துக்கு' என்ற பட்டியலில் ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபாய் சேர்ந்தது. 'டொக்டருக்குப் பாராட்டு விழா' என்ற பட்டியலில் நான்கே நாளில் எண்பத்து நாலாயிரம். வித்தியாசம் என்ன என்கிறீர்களா? இரண்டாவதில் கொடுத்தவர் பெயரை அழைப்பிதழில் அச்சடிப்பார்கள். அதிலிருந்து கட்டணத்தைக் கொடுத்துவிடலாமே என்று நான் மெல்லக் கேட்டேன். "விழாக் காச வேற வேலைக்கு எடுத்தா கணக்குப் பிழைச்சிரும்" என்றார் அழகர் ஐயா. மண்டபம், ஒலிபெருக்கி, பதாகை, பித்தளை விளக்கு, ரோல்ஸ், பட்டிஸ், எட்டாவது பொன்னாடை எல்லாம் போக, தொள்ளாயிரம் ரூபாய் துண்டு விழுந்தது. முதல் பட்டியலின் ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபாயும் அழைப்பிதழ் தபாலுக்குச் சரியாகப் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு விழா. ஐந்து பேர் பேசினார்கள். ஐவரும் டொக்டரைத் தெய்வம் என்றார்கள். ஒருவர் எத்தனை கைகள் என்றுகூடச் சொன்னார். டொக்டர் ஸுமைரா முக்காட்டை இழுத்து விட்டபடி நெளிந்தார். அவருடைய மார்க்கத்தில் அப்படியொரு பதவிக்கு வெற்றிடமே இல்லை.

பொன்னாடை போர்த்த வேலாயியை மேடைக்கு அழைத்தார்கள். அவள் போர்த்திவிட்டு, முந்தானை முடிச்சிலிருந்து ஓர் ஆயிரம் ரூபாய்த் தாளை எடுத்து டொக்டரின் கையில் வைத்தாள். "அன்னைக்குப் போட்ட ஊசிக்குங்க டொக்டரம்மா. மிச்சத்த அடுத்த சம்பளத்துல தர்றேன்."

அழகர் ஐயா பாய்ந்து அந்தத் தாளை வாங்கினார். "என்ன வேலாயி, மேடையில வச்சு டொக்டர இப்பிடி அவமானப்படுத்தலாமா?" என்று தன் பையில் போட்டுக்கொண்டார். துண்டு விழுந்த தொள்ளாயிரம் தீர்ந்தது. அடுத்து, டொக்டருக்குப் போட வைத்திருந்த மாலையைக் கையில் எடுத்தார்.

"அப்ப இந்த மாலைக்கு மட்டும் காசு குடுத்தீங்களாங்க?" என்று கேட்டாள் வேலாயி.

அழகர் ஐயா உயர்த்திய செவ்வந்தி மாலைக்குள்ளிருந்து ஒரு குளவி வெளியே வந்து அவருடைய மேலுதட்டில் கொட்டியது. ஐந்து நிமிடத்தில் முகம் வீங்கி மூச்சு இழுத்தது. டொக்டர் பையைத் திறந்து ஊசி போட்டார். பித்தளை விளக்கை நகர்த்திவிட்டு அவரை மேசையில் கிடத்தி, எட்டாவது பொன்னாடையைப் போர்த்தினாள் நிரோஷா. கால் மணி நேரத்தில் அவர் உதடு அசைந்தது. எல்லோரும் குனிந்தோம்.

"போட்டோ எடுத்தாங்களா?"

நிரோஷா பில்லை நீட்டினாள். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "டொக்டர், நீங்க செஞ்சதுக்கு ஒரு விலை போட முடியுமா?"

"போட்டிருக்கன் ஐயா. கீழ இருக்கு, பாருங்க. எங்கிட்ட இருந்த கடைசி ஊசி அது."

அழகர் ஐயா பில்லைப் பொன்னாடைக்குள் பத்திரமாகச் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். மாதக் கடைசியில் அவசர அறை பூட்டப்பட்டது.

பூட்டியதுகூடச் சும்மா நடக்கவில்லை. 'அவசர சிகிச்சை அறைக்குப் பிரியாவிடை' என்று பதாகை கட்டி, ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் சேர்த்து, பூட்டுக்கு மாலை போட்டு, அழகர் ஐயாவே சாவியைத் திருப்பினார். கைதட்டல் வீதி வளைவுவரை கேட்டது. டொக்டர் ஒன்பதாவது பொன்னாடையோடு வீட்டுக்குப் போனார். வேலாயி வரவில்லை; அவளுக்கு அன்று வேலை நாள். அவள் பறிக்கும் மலையில் அந்தக் குளவிக்கூடு இன்னும் அப்படியேதான் தொங்குகிறதாம்.

இவ்வளவையும் படித்து அழகர் ஐயாவைப் பார்த்துச் சிரித்தீர்கள் அல்லவா? நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். பிரியாவிடை அழைப்பிதழ் என் மேசையில் கிடக்கிறது. பின்பக்கம் நன்கொடையாளர் பட்டியல். பதினேழாவது பெயர் என்னுடையது, மூவாயிரம். பதினெட்டாவது பெயரை நான் வெளியே சொல்லப்போவதில்லை. ஆனால் நீங்கள் அன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டீர்கள்.